சிறிய ஹேட்ச்பேக் வாங்கும் முன்: உட்கார்ந்து, ஏற்றி, ஓட்டிப் பார்ப்பது எப்படி?

என் காரை ஒரே ஒரு சோதனை ஓட்டத்தை நம்பித்தான் வாங்கினேன். பத்து நிமிடம், வழவழப்பான சாலை, பக்கத்தில் விற்பனையாளர், பின்னால் யாருமில்லை. ஓட்டப் பிடித்திருந்தது, இன்றைக்கும் பிடிக்கிறது. ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே அம்மா பின்கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, மறுகாலை இழுக்க முடியாமல் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த மாதம் பெரிய சூட்கேஸை டிக்கியில் வைக்கப் போனேன். உள்ளே போனது, கதவுதான் மூடவில்லை. இரண்டு விரற்கடை. அதனால் இன்றுவரை அந்தப் பெட்டி பின் இருக்கையில் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு பயணம் செய்கிறது.

இரண்டுமே ஓர் இஞ்ச் டேப்பும் ஒரு மணி நேரமும் செலவழித்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். பிறகு தங்கைக்குக் கார் பார்த்தபோது நாங்கள் பின்பற்றிய வரிசையைக் கீழே தருகிறேன். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அவசரமாக வாங்க வேண்டியிருந்தால்கூட 4, 5, 6 ஆகிய படிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. முதல் வேலை வீட்டில்

ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். போன மாதம் உங்களோடு யார் யார் பயணம் செய்தார்கள், எத்தனை முறை? நீங்கள் அடிக்கடி ஏற்றும் பொருள்களில் மிகப் பெரியது எது? வண்டி இரவில் நிற்கப் போகும் இடத்தின் அகலம் என்ன?

பெரிய பொருள் சூட்கேஸோ, குழந்தை வண்டியோ, சக்கர நாற்காலியோ, எதுவானாலும் சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். நிறுத்துமிடத்தை அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சிறிய ஹேட்ச்பேக்கின் (டிக்கி தனியாக நீளாமல், பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் காரின்) அகலம் பொதுவாக 1.6 முதல் 1.75 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகளைச் சேர்க்காத அளவு அது. அதோடு, கதவைத் திறந்து ஒருவர் சிரமமில்லாமல் இறங்க ஒரு பக்கத்திலாவது அறுபது சென்டிமீட்டர் வேண்டும்.

2. விவரக்குறிப்பில் எந்த எண்ணை நம்புவது?

தயாரிப்பாளரின் இணையதளத்தில் விவரக்குறிப்போடு உரிமையாளர் கையேட்டையும் தேடி இறக்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். டயர் காற்றழுத்தம், ஸ்டெப்னி உண்டா இல்லையா, இருக்கை எப்படி மடங்கும், குழந்தை இருக்கையை எங்கே பொருத்தலாம், சர்வீஸ் இடைவெளி எவ்வளவு என்று விளம்பரத்தாளில் இல்லாதது எல்லாம் அதில் இருக்கும்.

டிக்கியின் லிட்டர் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறோம். சிறிய ஹேட்ச்பேக்குகளில் அது ஏறக்குறைய 200 முதல் 350 வரை இருக்கும். பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் 200 × 100 × 50 மி.மீ. அளவுள்ள கட்டைகளை, அதாவது ஒரு லிட்டர் கட்டைகளை, மூலை முடுக்கெல்லாம் அடுக்கி எத்தனை பிடிக்கிறது என்று எண்ணுகிறார்கள். சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள இடுக்கிலும் ஒரு கட்டை போகும். உங்கள் சூட்கேஸ் போகுமா? தரைவிரிப்புக்குக் கீழே உள்ள பள்ளத்தையும் சிலர் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். லிட்டரை வைத்து இரண்டு கார்களை ஒப்பிடலாம். அதற்கு மேல் அதற்கு வேலையில்லை.

யாரும் பார்க்காத ஓர் எண், ஏற்றக்கூடிய எடை. அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் அது கிடைக்கும். உதாரணத்துக்கு 1,400 கிலோவில் 950 போனால் மிச்சம் 450. எழுபது கிலோ வீதம் ஐந்து பேருக்கு 350. சாமான்களுக்கு நூறு கிலோ. சில விவரக்குறிப்புகளில் ஓட்டுநருக்கான 75 கிலோவை வண்டியின் எடையிலேயே சேர்த்திருப்பார்கள். அடிக்குறிப்பைப் பாருங்கள்.

டயர் எண் சொகுசைப் பற்றி நேரடியாகவே பேசும். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 விழுக்காடு, அதாவது சுமார் 120 மி.மீ. 15 என்பது டயர் மாட்டும் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். அதே காரின் உயர்ந்த ரகத்தில் 195/55 ஆர்16 போட்டிருந்தால் பக்கச்சுவர் 107 மி.மீ.தான். பள்ளத்தில் இறங்கும்போது முதலில் அதிர்ச்சி தாங்குவது அந்த ரப்பர் சுவர். கூடுதல் பணம் கொடுத்துக் கூடுதல் குலுக்கலை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றும்போது பெரிய டயரின் விலையும் பொதுவாக அதிகம்.

திரும்பும் வட்டத்தைச் சிலர் ஆரமாகவும் சிலர் விட்டமாகவும் போடுகிறார்கள். 5 மீட்டர் என்றிருந்தால் ஆரம், 10 என்றிருந்தால் விட்டம். இரண்டும் ஒரே கார்தான்.

3. நேரம் வாங்குவது

வார இறுதியில் போகாதீர்கள். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடமும் ஒரு காபியும்தான். வார நாளில் காலையில் வருவதாகத் தொலைபேசியில் சொல்லுங்கள்: ஒரு மணி நேரம் வேண்டும், வீட்டுப் பெரியவர் ஒருவர் வருவார், பெரிய பெட்டி ஒன்றும் வரும். மறுக்கும் இடம் இருந்தால் வேறு இடம் பாருங்கள். எங்களுக்கு ஓர் இடத்தில் மறுத்தார்கள், இரண்டு இடங்களில் சிரித்துவிட்டுச் சம்மதித்தார்கள்.

ஓட்டுநர் உரிமம் அவசியம். சோதனை ஓட்டத்துக்கு முன் ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்பார்கள். விபத்து நேர்ந்தால் சேதத்தில் எவ்வளவு உங்கள் தலையில் விழும் என்பது அதில் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. சோதனைக்கு நிற்கும் வண்டி பெரும்பாலும் உச்ச ரகம். நீங்கள் வாங்கப்போவது நடு ரகமாக இருந்தால் இருக்கை உயர மாற்றம், முன்பின் நகரும் ஸ்டியரிங், பின்பக்க வைப்பர், நடு இருக்கைக்கான தலைச்சாய்வு ஆகியவற்றில் எது எது காணாமல் போகும் என்று ரகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

4. ஓட்டுநர் இருக்கை: வண்டியைக் கிளப்பாமல் பதினைந்து நிமிடம்

அன்றாடம் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டு போங்கள். முதுகு இருக்கையில் நன்றாகப் பதியும்படி உட்கார்ந்து கிளட்சைக் கடைசிவரை அழுத்துங்கள். தானியங்கி கியர் என்றால் பிரேக்கை. அப்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். அந்த நிலையிலேயே கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வையுங்கள். தோள் இருக்கையை விட்டு எழக் கூடாது. பல சிறிய கார்களில் ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டுமே அசையும். அதனால் காலுக்குச் சரியாக வைத்தால் கைக்கு எட்டாது, கைக்குச் சரியாக வைத்தால் முழங்கால் இடிக்கும். உயரமானவர்களும் குட்டையானவர்களும் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்து தொடை. இருக்கையின் முன் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைந்தால் நல்லது. முழு உள்ளங்கையும் நுழைந்தால் தொடை அந்தரத்தில் தொங்குகிறது என்று பொருள். பத்து நிமிடத்தில் இது தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் இடுப்பு சொல்லும். கிளட்சுக்குப் பக்கத்தில் இடதுகாலை ஊன்ற இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நெடுஞ்சாலையில் அந்தக் காலை எங்கே வைப்பது என்று தவிப்பீர்கள்.

பிறகு அப்படியே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். விற்பனையாளர் திரையையும் விளக்குகளையும் காட்டத் தொடங்குவார், காட்டட்டும். அதற்கிடையே கண்ணால் பார்க்காமல் ஏசியின் வேகத்தைக் கூட்ட முடிகிறதா என்று முயன்று பாருங்கள். குமிழ் இருந்தால் கை தானே கண்டுபிடிக்கும். எல்லாம் தொடுதிரைக்குள் இருந்தால் ஓடும்போது சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டிவரும்.

5. பின் இருக்கை: உங்களுக்குப் பின்னால் நீங்களே

முன் இருக்கையை உங்களுக்கு ஏற்றபடி வைத்த பிறகு இறங்கிப் போய் அதன் பின்னால் உட்காருங்கள். ஷோரூமில் நிற்கும் காரில் முன் இருக்கையைக் கடைசிவரை முன்னுக்குத் தள்ளி வைத்திருப்பார்கள். பின்னால் கடல் போல இடம் தெரியும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

முழங்காலுக்கு முன்னால் நான்கு விரல் இடம் இருந்தால் சிறிய காருக்கு அது தாராளம். அதைவிட முக்கியம், பாதம் முன் இருக்கைக்கு அடியில் நுழைகிறதா என்பது. முன் இருக்கையைத் தாழ்த்திப் பார்த்தால் சில கார்களில் அந்த இடம் அடைபட்டுவிடும். முழங்காலுக்கு இடம் இருந்தும் காலை நீட்ட முடியாது. கூரை பின்னால் சரியும் வடிவமென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து தலை முட்டுகிறதா என்று பாருங்கள். பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது இன்னும் இரண்டு அங்குலம் தேவைப்படும்.

இப்போது பெரியவரை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு முறை போதாது, மூன்று முறை. முதல் முறை எல்லோரும் உற்சாகமாக ஏறுவார்கள். மூன்றாவது முறை கை எங்கே பிடிக்கிறது, தலை எங்கே குனிகிறது, எந்தக் கால் தடுமாறுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, வாசற்படி போன்ற அந்தக் கீழ்விளிம்பு எவ்வளவு உயரம், சக்கர வளைவு கதவின் கீழ்ப்பகுதியை எவ்வளவு தின்றுவிடுகிறது என்பவைதான் இங்கே தீர்ப்பு சொல்லும். இருக்கை அவருடைய முழங்காலை விடத் தாழ்வாக இருந்தால் எழுவது வேதனை. தொடை உயரத்துக்கு அருகில் இருந்தால் நழுவி இறங்கிவிடலாம். தங்கை வாங்கிய காரில் அம்மா பக்கவாட்டாக உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார். கூரையை அவர் தொடவே இல்லை. அந்த நிமிடமே கார் எது என்று என் மனதில் முடிவாகிவிட்டது.

குழந்தை இருக்கை பயன்படுத்துபவர்கள் அதைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் (குழந்தை இருக்கையைக் காரோடு நேரடியாகப் பூட்டுபவை) இருக்கின்றன என்று எழுதியிருந்தாலும் மெத்தைக்குள் புதைந்திருந்தால் விரல் தோல் உரியும். பின்னோக்கிய குழந்தை இருக்கையை வைத்தால் அதற்கு முன்னால் உள்ள இருக்கை எவ்வளவு முன்னுக்கு வர வேண்டியிருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு பெரியவரை உட்காரவையுங்கள். ஏர்பேக் இயங்கும் நிலையில் உள்ள முன் இருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது. யூரோ என்கேப் (கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பு) சோதித்த கார் என்றால், எந்த இருக்கையில் எந்தக் குழந்தை இருக்கை சரியாகப் பொருந்தியது என்பதும் அவர்கள் அறிக்கையில் இருக்கும்.

நடு இருக்கையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்று முனை பெல்ட்டும் தலைச்சாய்வும் இருக்கிறதா, தரை மேடு எவ்வளவு என்று பாருங்கள். சிறிய காரில் அது குறுந்தூரத்துக்கான இடம்தான்.

6. டிக்கி: டேப்பை எடுங்கள்

நான்கு அளவுகள் வேண்டும்: டிக்கி வாயின் மிகக் குறுகிய அகலம், சக்கர வளைவுகளுக்கு நடுவே உள்ள தரை அகலம், தரையிலிருந்து பார்சல் டிரே (டிக்கிக்கு மேல் மூடி போல இருக்கும் பலகை) வரை உயரம், கதவிலிருந்து பின் இருக்கை முதுகு வரை ஆழம். ஆழத்தை அடியிலும் மேலேயும் தனித்தனியாக அளக்க வேண்டும். டிக்கிக் கதவு சரிவாக இருப்பதால் மேலே குறையும். என் சூட்கேஸ் தோற்றது அங்கேதான். தரையில் அது படுத்துக்கொண்டது. கதவை இறக்கினால் அதன் சரிவு பெட்டியின் சக்கரத்தில் இடித்து நின்றது.

அளந்த பிறகு பெட்டியை உண்மையிலேயே வைத்துக் கதவை மூடுங்கள். தூக்கி வைக்கும்போது விளிம்பு எவ்வளவு உயரம் என்று கை சொல்லும். தரையிலிருந்து எழுபது சென்டிமீட்டருக்கு மேல் போனால் இருபது கிலோவைத் தினமும் தூக்குபவருக்குச் சலிப்பாகும். விளிம்பைத் தாண்டி உள்ளே தரை பள்ளமாக இருந்தால் வைப்பது எளிது, எடுப்பதுதான் முதுகுவலி.

பின் இருக்கையை மடக்கிப் பாருங்கள். 60:40 என்று பிரிந்து மடங்கினால் நீளமான பொருளும் ஒரு பயணியும் ஒன்றாகப் போகலாம். மலிவான ரகங்களில் முதுகு முழுவதும் ஒரே பலகையாக இருக்கும். மடக்கியதும் நடுவில் படி போல ஒரு மேடு வருகிறதா என்றும் பாருங்கள். பெரிய அட்டைப்பெட்டியைத் தள்ளும்போது அது தடுக்கும்.

கடைசியாகத் தரைவிரிப்பைத் தூக்குங்கள். முழு அளவு ஸ்டெப்னி, மெலிந்த தற்காலிகச் சக்கரம், பஞ்சர் ஒட்டும் மருந்தும் காற்றுப் பம்பும் என்று மூன்றில் ஒன்று இருக்கும். தற்காலிகச் சக்கரத்தில் பொதுவாக மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மருந்து சிறு துளையை அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. ஹைபிரிட், எரிவாயு ரகங்களில் மின்கலமோ உருளையோ இந்த இடத்தைப் பிடித்திருக்கலாம். பெட்ரோல் ரகத்தின் டிக்கியைக் காட்டி இந்த ரகங்களை விற்பதும் நடக்கிறது.

7. இப்போது ஓட்டுங்கள்

கிளம்பும் முன் காற்றழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் கதவுத் தூணிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியுள்ள அட்டவணையில் குறைந்த சுமைக்கு ஓர் எண்ணும் முழுச் சுமைக்கு ஓர் எண்ணும் இருக்கும். காற்று அதிகமாக இருந்தால் நல்ல கார்கூடத் துள்ளும். குறைவாக இருந்தால் கரடுமுரடான காரும் மெத்தென்று தோன்றும். இதைச் செய்யாமல் சஸ்பென்ஷனை, அதாவது சாலையின் அதிர்வைத் தாங்கும் அமைப்பை, பற்றிப் பேசுவது வீண்.

வழியை நீங்கள் சொல்லுங்கள். மோசமான சாலை ஒன்று, வேகத்தடை நான்கைந்து, ஏற்றம் ஒன்று, மணிக்கு 80 கிலோமீட்டராவது போகக்கூடிய நீண்ட சாலை ஒன்று. முதல் சுற்றில் நீங்கள் ஓட்டுங்கள். இரண்டாவது சுற்றில் வேறு ஒருவர் ஓட்ட, நீங்கள் பின்னால் உட்காருங்கள். ஒரே வேகத்தடை முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் வேறு மாதிரியும் இருக்கும். பெரும்பாலான சிறிய ஹேட்ச்பேக்குகளில் பின்சக்கரங்கள் இரண்டையும் முறுக்குத் தண்டு ஒன்று இணைக்கிறது. இடமும் செலவும் மிச்சம், ஆனால் ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அதன் உதறல் மறுபக்கத்துக்கும் கொஞ்சம் வரும். நான்கு பேரோடு ஒரு முறை வேகத்தடை ஏறி இறங்குங்கள். அடி உரசினால் அதை யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நின்றபடி ஏசியைப் போட்டுவிட்டு ஸ்டியரிங்கிலும் இருக்கையிலும் கை வைத்துப் பாருங்கள். மூன்று சிலிண்டர் எஞ்சின்களில் அந்த மெல்லிய நடுக்கம் இயல்பு. உங்களுக்குத் தாங்குமா என்பதுதான் கேள்வி. வேகத்தில் போகும்போது பின்னால் இருப்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிறதா? கைபேசியில் ஒலி அளக்கும் செயலி இருந்தால், அதே சாலையில் அதே வேகத்தில் இரண்டு கார்களை ஒப்பிடலாம். பத்து டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

ரேடியோவை அணைத்துவிடுங்கள். அதை அவர்கள் சும்மா போட்டு வைப்பதில்லை.

8. இருட்டில் ஒரு முறை

முடிந்தால் மாலை மயங்கிய பிறகு இன்னொரு நாள் போங்கள். முன்விளக்கு எவ்வளவு தூரம் விழுகிறது, பின்பக்கத் தடித்த தூண்கள் எதை மறைக்கின்றன, திரையின் வெளிச்சம் கண்ணாடியில் பிரதிபலிக்கிறதா என்று பாருங்கள். கேமராவை நம்பாமல் ஒரு முறை பின்னோக்கி எடுத்து நிறுத்துங்கள். அரை மணி நேரம் போதும்.

9. வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது

தேர்வு இரண்டு கார்களாகக் குறைந்ததும், அதே மாதிரியை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். இதைச் செலவு என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். ஒரு நாள் வாடகையை உங்கள் மாதத் தவணைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முன்பணம், எரிபொருள் நிலை, ஏற்கெனவே உள்ள கீறல்கள் ஆகியவற்றைப் புகைப்படத்தோடு பதிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு மணி நேரத் தொடர் ஓட்டத்துக்குப் பிறகு இறங்கி நிற்கும்போது முதுகு என்ன சொல்கிறது என்பதற்கு வேறு எந்தப் பரிசோதனையும் ஈடில்லை. தங்கை முதலில் ஆசைப்பட்ட கார் இந்தப் படியில்தான் தோற்றது. தொடைக்குத் தாங்கல் போதவில்லை.

10. காகிதமும் கணக்கும்

விலைப்பட்டியலை எழுத்தில் வாங்குங்கள்: வண்டி, வரி, பதிவு, காப்பீடு, துணைப் பொருள்கள் என்று தனித்தனியாக. பின்கேமரா, பார்சல் டிரே, ஸ்டெப்னி, மிதியடி என்று நீங்கள் இயல்பாகவே இருக்கும் என்று நினைத்தவை துணைப் பொருள் பட்டியலில் ஒளிந்திருக்கக்கூடும். அவற்றைச் சேர்த்துப் பார்த்தால் அடுத்த ரகமே மலிவாக இருக்கலாம். இருக்கை உறை வாங்குவதற்கு முன், இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தாத உறை அதைத் தடுக்கும். காப்பீட்டுக்கு வெளியிலும் ஒரு விலை கேளுங்கள். நான்கு டயர் மாற்ற என்ன ஆகும் என்பதையும் அதே டயர் எண்ணைச் சொல்லி விசாரித்து வையுங்கள்.

முன்பதிவுப் படிவத்தில் ரகத்தின் முழுப் பெயர், நிறம், தயாரிப்பு ஆண்டு, ஒப்படைக்கும் தேதி, ரத்து செய்தால் முன்பணம் திரும்புமா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். ஆண்டு முடியும் தறுவாயில் தயாரிப்பு ஆண்டைக் கட்டாயம் கேளுங்கள். விற்கும்போது விலையைத் தீர்மானிப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

வண்டியை எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் போங்கள். பூச்சையும் கண்ணாடியையும் எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியும் ஜாக்கியும் சக்கரத்தைக் கழற்றும் திருகியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தங்கையின் காரில் ஜாக்கி இல்லை. கேட்டதும் பக்கத்தில் நின்ற இன்னொரு புதுக் காரின் டிக்கியைத் திறந்து அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள்.